டூட்: ஒட்டியும் ஒட்டாமலும்

அமெரிக்க இளைஞர்களின் பேச்சில் ஓயாமல் காதில் விழும் ‘டூட்’ என்ற விளி, பிறந்தபோது ஒரு கேலிப்பெயர். இறுக்கமான கால்சட்டையும் உயர்ந்த காலருமாக, ஆங்கிலேயப் பாவனை காட்டித் திரிந்த பணக்கார வாலிபர்களை நியூயார்க் பத்திரிகைகள் 1883-இல் இந்தப் பெயரால்தான் கிண்டலடித்தன. ‘யாங்கி டூடுல்’ பாட்டில் வரும் மினுக்கனின் பெயரே மூலம் என்பது, அக்காலப் பத்திரிகைகளைத் துருவிய ஜெரால்ட் கோஹன், பாரி பாப்பிக் போன்றோரின் முடிவு. மேற்கு மாநிலங்களுக்குப் போனதும், கால்நடைப் பண்ணைக்கு விடுமுறையில் வந்து குதிரையேறத் தெரியாமல் விழித்த பட்டணத்து ஆள் ‘டூட்’ ஆனான். இரண்டு இடத்திலும் அது வெளியாளைக் குறித்தது. பிறகு 1930, 40களில், பகட்டான உடையையே அடையாளமாகக் கொண்ட கறுப்பின இளைஞர்களும் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்களும் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் அப்படி அழைத்துக்கொண்டார்கள். வெளியாளைச் சுட்டிய சொல் கூட்டாளியைக் கூப்பிடும் சொல்லாக மாறியது இங்கேதான். பின்னாளில் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்களும், 1982-இல் வந்த ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை’ படமும் அதை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இன்று அதற்கு அகராதிப் பொருள் அநேகமாக இல்லை. அதனால்தான், பேசத் தெரியாதவர்கள் இட்டு நிரப்பும் வெற்றுச்சொல் என்று பலர் ஒதுக்குகிறார்கள். வெற்றுச்சொல் என்றால் ஆள் பார்க்காமல் எங்கும் வர வேண்டும். இது ஆள் பார்த்துத்தான் வருகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங், மூன்று நாட்களில் காதில் விழும் முதல் இருபது ‘டூட்’களை, யார் யாரிடம் சொன்னது என்பதோடு குறித்துவரும்படி மாணவர்களிடம் சொன்னார். 2004-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, இளம் ஆண்கள் தமக்குள் சொல்வதே மிக அதிகம், காதலர்களுக்கிடையே அரிது. நட்பு உண்டு, ஆனால் அளவுக்கு மீறிய நெருக்கம் இல்லை என்று ஒரே மூச்சில் அறிவிக்கும் சொல் இது என்கிறார் அவர். உணர்ச்சியைக் காட்டக் கூச்சப்படும் இளைஞனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! நண்பன் பரீட்சையில் தோற்றால் ‘டூ…ட்’ என்று இழுத்தால் போதும், ஆறுதல் சொன்னதாகிவிடும். விளையாட்டில் தவறாக ஆடியவனைத் திருத்தும்போது முன்னால் ஒரு ‘டூட்’ சேர்த்தால் அதட்டலின் கூர்மை மழுங்கிவிடும்.

ஆண்பிள்ளைகளின் சொல்தானே என்றால், பெண்களும் தங்களுக்குள் நிறையவே பயன்படுத்துவதை அதே குறிப்புகள் காட்டுகின்றன. அவர்களிடமும் அது ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. சென்னைக் கல்லூரிகளிலும் ‘டூட்’ புழங்குகிறது; ஆனாலும் ‘மச்சி’யை அது ஓரங்கட்டிவிடவில்லை. ‘மச்சி’ நண்பனை மைத்துனனாக்கி வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறது. ‘டூட்’ அப்படி எந்த உறவையும் கோருவதில்லை. நேற்றுத்தான் அறிமுகமான வகுப்புத் தோழனிடம்கூடத் தயங்காமல் சொல்லலாம்.