பழைய முதலாளியின் ஒரு சொல்

புதுதில்லி: வேலையை விட்டுச் சென்றவரைப் பற்றி முன்னாள் முதலாளி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால், அவரிடம் விசாரிக்காமல் பணி நியமனத்தை உறுதி செய்யப் பெரிய நிறுவனங்கள் தயங்குகின்றன. தில்லியை ஒட்டிய குருகிராம், நொய்டா அலுவலகங்களில் பணி மாறும் இளைஞர்கள் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

சட்டம் முற்றிலும் மௌனமாக இருந்துவிடவில்லை. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தையொட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை அளிக்கப்பட்டது. ஓய்வு பெறுபவருக்கு மட்டுமல்ல, பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கும் இது பொருந்தும். ஆனால் 100 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொதுவாகப் பொருந்தியது. கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் இந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டது. தகவல் தொழில்நுட்பத் துறைக்கோ, கர்நாடக அரசு பழைய சட்டத்திலிருந்தே பல ஆண்டுகளாக விலக்கு அளித்து வந்தது.

ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் அனுபவச் சான்றிதழ் தர வேண்டியது ஒப்பந்ததாரரின் கடமை என்று புதிய தொகுப்புச் சட்டங்களில் ஒன்று கூறுகிறது. நல்ல விதிதான். ஆனால் ஒப்பந்தம் முடிந்து ஊர் மாறிவிட்ட ஒப்பந்ததாரரைத் தொழிலாளி எங்கே போய்த் தேடுவது?

சான்றிதழ் கிடைத்தாலும் பிரச்னை தீர்வதில்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த பதவி ஆகிய மூன்றோடு கடிதம் முடிந்துவிடும். உண்மையான மதிப்பீடு, இரு நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கிடையே தொலைபேசியில் நடந்தேறுகிறது. "மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?" என்ற கேள்விக்குச் சற்றே தயங்கினாலே போதும், விஷயம் முடிந்தது. அவதூறு வழக்குத் தொடரலாமே எனலாம். பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, நல்லெண்ணத்துடன் கூறப்படும் கருத்துக்கு விலக்கு அளிக்கிறது. தவிர, தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பதே தெரியாதவர் எதைக் காட்டி வழக்குத் தொடர்வார்?

பணி விடுவிப்புக் கடிதத்தை நிறுத்தி வைப்பது மற்றொரு உத்தி. மூன்று மாத முன்னறிவிப்புக் காலத்தை நிறைவு செய்யவில்லை, ஒப்பந்தத் தொகையைக் கட்டவில்லை என்று காரணம் கூறப்படும். மூன்றாண்டு முடியுமுன் விலகினால் ரூ.2 லட்சம் செலுத்த வேண்டும் என்ற பொதுத்துறை வங்கியொன்றின் நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அத்தீர்ப்பு தொகையைப் பற்றியது. சான்றிதழை அடகுப் பொருளாக்கும் உரிமையை அது எந்த முதலாளிக்கும் வழங்கிவிடவில்லை.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. போலி அனுபவச் சான்றிதழ்கள் விலைக்குக் கிடைக்கும் நாடு இது. கால் சென்டர்களில் தகவல் திருட்டுப் புகார்கள் எழுந்ததைத் தொடர்ந்து, 2006-இல் நாஸ்காம் அமைப்பு ஊழியர் விவரங்களுக்கெனத் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்குப் பொதுக் கணக்கு எண் வந்தபின், ஒருவர் எங்கெங்கு பணிபுரிந்தார் என்பது அந்த எண்ணிலேயே பதிவாகிவிடுகிறது. விலகிய தேதியை முதலாளி மட்டுமே பதிவு செய்ய முடியும் என்றிருந்த நிலை 2020-இல் மாறி, ஊழியரே பதிவு செய்யும் வசதி வந்தது. பலருக்கும் இது பெரிய ஆறுதல்.

இந்த ஆறுதல் எதுவும் எட்டாதவர்கள் தில்லியின் வீட்டுப் பணிப்பெண்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஊர் திரும்பும் துரைமார்கள் தங்கள் பணியாளர்களுக்கு நற்சான்றுச் சீட்டு எழுதித் தருவது வழக்கம். இன்று ஜார்க்கண்டிலிருந்தோ வங்கத்திலிருந்தோ வரும் பெண்ணிடம் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் கேட்கப்படுகிறது. அவர் உழைத்த ஆண்டுகளுக்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. பழைய எஜமானியம்மாளின் தொலைபேசி எண்தான் அவரது ஒரே சான்று. சம்பளம் உயர்த்திக் கேட்டு வெளியேறியிருந்தால் அந்த எண்ணும் பயன்படாது. வீட்டுப் பணியாளர்களுக்கெனச் சட்டம் இயற்றுவது குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியொரு சட்டம் வருமானால், வேலை பார்த்த காலத்தைக் குறிப்பிட்டு ஒரு சீட்டாவது எழுதித் தர வேண்டும் என்ற விதி அதில் இடம்பெற வேண்டும்.