விலக்கு என்னும் சொல்

சட்டத்தில் விலக்கு இருவகையாக வருவதை நாம் காண்கிறோம். ஒன்று கேட்டுப் பெறுவது, மற்றொன்று கேளாமலே அமைவது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆலைகளில் அழுத்தக் கலன்களை 15 மாதத்திற்கு ஒருமுறை சோதிப்பது வழக்கமாக இருந்தது. அவ்விடைவெளியை 75 மாதம் வரை நீட்டிக்க 2014ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. ஆயினும் ஆலை விண்ணப்பித்து, இடர்மதிப்பீட்டைக் காட்டி, அதிகாரிகளின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது.

1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1.6.2024 முதல் ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்தது. வீட்டுப்பணி, ஆயுதப்படை, வணிகக் கப்பற்பணி ஆகியவை மட்டும் அட்டவணையிலேயே விலக்கப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் சன்னலுக்கு வெளியே சாய்ந்து துடைக்கும் பெண்ணின் பொருட்டு எவரும் விண்ணப்பிக்கவில்லை, எதையும் மெய்ப்பிக்கவுமில்லை. இத்தனைக்கும், வேலைச் சட்டத்தின் 2022 திருத்தம் 'வேலைக்காரர்' என்பதை நீக்கி அவரைப் 'பணியாளர்' ஆக்கியிருந்தது. உடனடி ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளப் புதிய 26ஏ பிரிவு தரும் உரிமையும், இவ்விலக்கினால், அவருக்கு எட்டவில்லை.