தாய் இழந்த ரத்தம் எவ்வளவு? பெலகாவி தந்த அளவுப் பை

பிரசவ அறையின் கதவு திறக்கிறது. நர்சு எட்டிப் பார்த்து, "பெண் குழந்தை. 2 கிலோ 850 கிராம்" என்கிறார். வெளியே காத்திருந்தவர்களின் முகம் மலர்கிறது. "என் மகள் எப்படி இருக்கிறாள் அம்மா?" என்று பாட்டி கேட்கிறார். "நல்லா இருக்காங்க பாட்டி" என்ற பதிலோடு கதவு மூடிக்கொள்கிறது.

குழந்தையின் எடையைக் கிராம் பிசகாமல் சொல்கிறார்கள். தாய் இழந்த ரத்தம் எவ்வளவு என்பதை அப்படிச் சொல்வதில்லை. பல பிரசவ அறைகளில் அதை அளப்பதே இல்லை. நனைந்த துணிகளைப் பார்த்து, "கொஞ்சம்தான்" என்றோ "சற்று அதிகம்" என்றோ கண்ணாலேயே மதிப்புப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கண் மதிப்பு எவ்வளவு தவறானது என்பதை அளந்து காட்டிய ஊர்களில் ஒன்று, நம் கர்நாடகத்தில் உள்ள பெலகாவி. முன்பு பெல்காம் என்று அழைக்கப்பட்ட அதே ஊர்தான்.

முதல் எதிரி

பிள்ளைப்பேற்றில் தாய்மார்களின் உயிரைக் குடிக்கும் காரணங்களில் முதலிடம் ரத்தப் போக்குக்குத்தான். 2001-2003-ம் ஆண்டுகளுக்கு இந்திய அளவில் எடுக்கப்பட்ட கணக்கில், இறந்த தாய்மார்களில் 100-க்கு 38 பேர் ரத்தப் போக்கினால் இறந்தவர்கள். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் ரத்தப் போக்கால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 70 ஆயிரம் பெண்கள் உயிர் இழக்கிறார்கள்.

காரணம் எளிது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் ரத்தக் குழாய்களின் வாய் மூடும். கருப்பை தளர்ந்து கிடந்தால் அது மூடாத குழாய்தான்.

500 மில்லி லிட்டர் போனாலே அதை ரத்தப் போக்கு என்று டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றில் இருக்கும் அளவுதான் அது. ஒரு லிட்டரைத் தாண்டினால் கடுமையான நிலை.

நல்ல உடற்கட்டு உள்ள பெண் அரை லிட்டர் இழந்தும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். நாடி படபடத்து, ரத்த அழுத்தம் விழும்போது நேரம் கடந்திருக்கும். ரத்தசோகை உள்ளவளுக்கோ அரை லிட்டருக்குக் குறைந்த இழப்பே ஆபத்து. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 100 கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

பை பிறந்த கதை

பெலகாவியில் உள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள், அமெரிக்க ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, 2002-ல் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ரத்தப் போக்கைத் தடுக்கும் ஆக்சிடாசின் ஊசி மருந்தைக் குளிர்ச்சியில் வைத்துக் காக்க வேண்டும். போடத் தெரிந்த ஆளும் வேண்டும். மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரைக்கு இவை இரண்டும் தேவை இல்லை. கிராமத்து நர்சு அதைக் கொடுத்தால் ரத்தப் போக்கு குறையுமா என்பதே கேள்வி.

குறைகிறதா என்று தெரிய வேண்டுமானால், எவ்வளவு போகிறது என்று முதலில் தெரிய வேண்டுமே! அதற்காக உருவானதுதான் அளவுப் பை.

அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு. குழந்தை பிறந்த உடனே தாயின் அடியில் விரித்து, இடுப்பில் நாடாவால் கட்டிவிடுவார்கள். கீழ்ப்பகுதி புனல் போலக் குவிந்து தொங்கும். அதில் அளவுக் கோடுகள் இருக்கும். மருந்து பாட்டிலில் அளவு பார்ப்பது போல, எத்தனை மில்லி என்று நர்சு படித்துச் சொல்லலாம். இதை உருவாக்கிய 7 பேரின் பெயர்களில் இருந்து முதல் எழுத்துகளை எடுத்து, 'பிராஸ்-வி' என்று பெயர் வைத்தார்கள்.

கண்ணையும் பையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கண் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது தெரிந்தது. அதாவது, பை 600 மில்லி என்று காட்டும் இடத்தில், கண் 400 மில்லி என்கிறது. 400 என்றால் கவலை இல்லை. 600 என்றால் உடனே ஓடிவர வேண்டும். ஓர் உயிர் தப்புவதும் தவறுவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

1,620 தாய்மார்களிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2006-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. மாத்திரை பெறாதவர்களில் 100-க்கு 12 பேருக்கு ரத்தப் போக்கு ஏற்பட்டது. மாத்திரை பெற்றவர்களில் அது 6 பேராகக் குறைந்தது.

பை மட்டும் போதுமா?

போதாது என்பதும் தெரிந்த செய்தியே. ஐரோப்பாவில் 13 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. பையால் அளந்த ஆஸ்பத்திரிகளிலும், கண்ணால் மதிப்பிட்ட ஆஸ்பத்திரிகளிலும் கடுமையான ரத்தப் போக்கு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அங்கே பை மட்டும் கொடுக்கப்பட்டது. கோட்டைத் தாண்டினால் என்னென்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை அதனுடன் சேர்க்கப்படவில்லை.

அந்தக் குறையை நீக்கிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகள். 2 லட்சத்து 10 ஆயிரம் தாய்மார்கள். ஒரு பாதி ஆஸ்பத்திரிகளில் கோடு போட்ட பை. அங்கே கால் மணிக்கு ஒரு தடவை தாயைப் பரிசோதித்தார்கள். அளவு மீறியதும் கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்வது, ஆக்சிடாசின், டிரானெக்சாமிக் அமிலம், டிரிப், காயம் இருக்கிறதா என்ற சோதனை எல்லாம் ஒருசேர நடந்தன. மறு பாதியிலும் பை இருந்தது. ஆனால் அதில் கோடு இல்லை.

கோடு இல்லாத இடத்தில், ரத்தப் போக்கு வந்தவர்களில் 100-க்கு 51 பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். கோடு இருந்த இடத்தில் 93 பேரைக் கண்டுபிடித்தார்கள். கடுமையான ரத்தப் போக்கு, அதற்கான ஆபரேஷன், மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கு 100-க்கு 4.3-லிருந்து 1.6-ஆக இறங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் அளவுப் பையைப் பரிந்துரை செய்தது.

கதவுக்கு உள்ளே

2005-06-ல் நம் நாட்டில் 100 பிரசவங்களில் 39 தான் ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21-ல் அது 89 ஆயிற்று. ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 254 தாய்மார் இறந்த நிலை மாறி, 2018-20-ல் 97 ஆனது. இது பெரிய சாதனை. ஆனால் அதே 2018-20 கணக்கில் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, கர்நாடகத்தில் 69. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதே முக்கியம் என்று இந்த எண்கள் சொல்கின்றன.

இதை உணர்ந்துதான் 2017 டிசம்பரில் மத்திய அரசு 'லக்ஷ்யா' திட்டத்தைத் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளின் பிரசவ அறைகளுக்கும் பிரசவ ஆபரேஷன் அறைகளுக்கும் பரீட்சை வைத்து மார்க் போடும் திட்டம் இது. 70 மார்க் எடுத்தால் வெள்ளி, 80-க்குத் தங்கம், 90-க்குப் பிளாட்டினம் பட்டயம்.

வீட்டார் செய்யக்கூடியது

பிரசவத்துக்கு முன்பே ரத்தத்தின் அளவையும் பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரசவமான முதல் சில மணி நேரம் தாயின் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது உடன் ஒரு பெண் துணை இருக்க 2016-ல் மத்திய அரசு அனுமதி அளித்தது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வாழ வந்த மருமகளுக்குக் கன்னடம் தெரியாது. அவள் முனகுவதை நர்சு புரிந்துகொள்ள முடியாமல் போகலாம். துணைக்கு இருப்பவர் தயங்காமல், "சிஸ்டர், ரக்த ஜாஸ்தி ஹோகுத்திதே" என்று குரல் கொடுக்க வேண்டும். தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்படக் கூடாது.

குழந்தையின் எடையைக் கேட்டுச் சந்தோஷப்படும் பாட்டி, இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: "என் மகளுக்கு எவ்வளவு ரத்தம் போச்சு அம்மா? அளந்தீங்களா?"

எல்லாப் பாட்டிகளும் கேட்கத் தொடங்கினால், எல்லாப் பிரசவ அறைகளிலும் அளக்கத் தொடங்குவார்கள்.