தேனும் தேறலும்: தேன் புளித்தலின் காரணமும் அதனைக் காக்கும் முறையும்

தேனின் அருமையைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்போருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கே பெரியாற்று மலைகளும், கிழக்கே வருஷநாட்டு மலைகளும், நடுவே முல்லைப் பெரியாற்றின் பாசனமும் அமைந்த இப்பிரதேசத்தில், தென்னை, புளி, இலவு, முருங்கை, மா முதலியவற்றின் பூக்கள் தேனீக்களுக்கு ஏற்ற உணவாகின்றன. மலைமேல் ஏலத்தோட்டங்களும் காடுகளும் இருக்கின்றன. ஆயினும், இவ்வாறு கிடைக்கும் தேனில் ஒரு பகுதி வீட்டிலும் கடையிலும் நுரைத்துப் புளித்துக் கெட்டுப் போகின்றது. ஏன் இவ்வாறு நேருகின்றதென்பதைத் தெரிந்துகொண்டாலன்றி, இந்த நஷ்டத்தைத் தவிர்க்க இயலாது. தேன் தானாகப் புளிப்பதும், முன்னோர் தேனிலிருந்து மது வடித்ததும் ஒரே காரியத்தின் இரண்டு தோற்றங்களாதலின், இரண்டையும் சேர்த்தே இங்கு விவரிக்கின்றோம்.

தேன்மதுவின் பழமை

தேனிலிருந்து செய்யும் மது உலகில் மிகவும் பழமையான பானங்களுள் ஒன்று. வடமொழியில் ‘மது’ என்னும் சொல் தேனையும் குறிக்கும், கள்ளையும் குறிக்கும். ஆங்கிலேயர் இப்பானத்துக்கு வழங்கும் ‘மீட்’ என்னும் பெயரும் அதே மூலத்திலிருந்து பிறந்ததென்பர். தமிழில் இதற்குத் ‘தேறல்’ என்ற பெயர் உண்டு. தெளிந்த கள் என்பது அதன் பொருள். மலைவாணர் தேனாற் செய்த தேறலை மூங்கிற் குழாயில் ஊற்றி முதிர விட்டார்களென்ற செய்தி, பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் காணப்படுகின்றது.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் நிலைத்திருக்கின்றது. எத்தியோப்பியாவில் ‘தெஜ்’ என்னும் தேன்மதுவை ‘கேஷோ’ என்ற ஒரு செடியின் இலையும் தண்டும் சேர்த்துச் செய்கின்றனர். போலந்து தேசத்தில் தேனுக்கும் நீருக்கும் உள்ள அளவைக் கொண்டே மதுவைத் தரம் பிரிக்கின்றனர். ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு நீர் சேர்ப்பது முதல் தரம். ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு நீர் சேர்ப்பவை முறையே அடுத்த தரங்கள். தேன் மிகுந்த முதல் தரம் பல வருஷங்கள் முதிர்ந்த பின்னரே குடிக்கத் தக்கதாகும். நம் தேசத்திலும் மகாராஷ்டிரத்தில் சர்க்கார் உரிமம் பெற்ற தேன்மது ஆலைகள் நடைபெறுகின்றன.

மது விளையும் விதம்

தேனில் பெரும்பகுதி சர்க்கரையே. பழச்சர்க்கரையும் குளுக்கோஸும் சேர்ந்து நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு இருக்கும். எஞ்சியவற்றுள் முக்கியமானது நீர். தேனிலும், பூக்களிலும், கூட்டிலும், காற்றிலும் ‘ஈஸ்ட்’ என்னும் கண்ணுக்குப் புலப்படாத நுண்காளான்கள் உண்டு. இவை சர்க்கரையைத் தின்று, அதனைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. நிறையளவில் ஏறக்குறையப் பாதி சாராயச் சத்தாகவும், பாதி வாயுவாகவும் ஆகும். நுரை பொங்குவதற்கு அந்த வாயுவே காரணம்.

நல்ல தேன் மிகவும் கெட்டியாயிருப்பதால், ஈஸ்டின் உடலிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். ஆகையால் அதில் ஈஸ்ட் இருந்தும் பெருகமாட்டாது. அதே தேனில் நீரைக் கலந்தால் தடை நீங்கிவிடுகின்றது. நீர் கலந்த தேனில் ஈஸ்ட் பெருகி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெதுவாகச் சர்க்கரையை மதுவாக்கும். ஈஸ்டுக்கு வேண்டிய தழைச்சத்துத் தேனில் மிகக் குறைவாதலின், திராட்சை ரஸம் புளிப்பதைக் காட்டிலும் தேன் புளிப்பதற்கு அதிக காலம் செல்லும். பின்னர் காற்றுப் பட்டால், காடிக் கிருமிகள் சாராயச் சத்தைக் காடியாக மாற்றிவிடும். மதுவுக்குப் பக்குவம் தெரிந்தவர்கள் பாத்திரத்தைச் சுத்தமாக வைத்து, வாயு வெளிச்செல்லவும் காற்று உட்புகாதிருக்கவும் வழி செய்வது இதன் பொருட்டே.

சட்டத்தின் நிலை

இவ்விஷயத்தை வாசிப்போரில் சிலர், வீட்டிலேயே சிறிது தேறல் செய்து பார்க்கலாமே என்று எண்ணக்கூடும். அஃது ஆகாது. 1937-ஆம் வருஷத்திய மதுவிலக்குச் சட்டம் அவ்வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமுலுக்கு வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. பின்னர் பல திருத்தங்கள் ஏற்பட்டிருப்பினும், தமிழ்நாட்டில் அச்சட்டமே இன்றும் வழங்குகின்றது. உரிமமின்றி மது செய்தல் அதன்படி குற்றம். 2024-ல் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் பல உயிர்கள் மாண்ட பின்னர், அவ்வருஷமே தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

‘சர்க்கார் கடைகளில் மது விற்கப்படுகின்றதே; எமது தேனை எமது வீட்டில் புளிக்க வைத்தால் என்ன?’ என்று வினவுவோர் உண்டு. சர்க்கார் அனுமதித்த விற்பனை வேறு. தனிமனிதர் மது செய்தல் வேறு. சாராயச் சத்து அடங்கிய பானம் எதுவும் சட்டத்தின்படி மதுவேயாம். தேனில் விளைந்தது என்பதனால் விலக்கு இல்லை. தேனிலிருந்து காடி செய்வதற்கும் முதலில் மது விளைந்தே தீருமாதலால், அத்தொழிலைத் தொடங்க எண்ணுவோர் வேண்டிய அனுமதிகளை முன்னதாகக் கேட்டறிதல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவர்களும் இதனைக் குடிகளுக்கு முற்கூட்டியே எடுத்துச் சொல்வது, பின்னர் வழக்கு நேர்ந்து வருந்துவதினும் மேலானது.

எனவே, குடியானவருக்கு இந்த அறிவின் உபயோகம் மது செய்வதில் இல்லை. தேன் மதுவாகாமற் காப்பதில் இருக்கின்றது.

நீரின் அளவே முக்கியம்

தேனில் நீர் நூற்றுக்கு 17 பங்குக்கு மேற்படாதிருந்தால், அதில் எவ்வளவு ஈஸ்ட் இருந்தபோதிலும் அது புளியாது. 19 பங்குக்கு மேற்பட்டால், சிறிதளவு ஈஸ்ட் இருந்தாலும் புளிக்கும் அபாயம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் பொதுவாகத் தேனுக்கு வைத்துள்ள உச்ச அளவு 20 பங்கு. ஆகவே, இந்த இரண்டு மூன்று பங்கு நீரில்தான் தேனின் விலையும் ஆயுளும் அடங்கியிருக்கின்றன.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 18 பங்கு நீருள்ள தேன் 100 கிலோவில், 5 கிலோ தண்ணீர் கலந்தால், நீரின் அளவு ஏறக்குறைய 22 பங்காகிவிடும். எடை கூடியதென்று மகிழ்பவர், ஐந்து கிலோவின் விலைக்காக நூறு கிலோவையும் புளிக்கக் கொடுத்தவராவார். வேண்டுமென்று கலப்பது ஒருபுறமிருக்க, கழுவி உலராத குடம், மழையில் நனைந்த அடை, இரவெல்லாம் திறந்து கிடந்த பாத்திரம் ஆகியவற்றாலும் நீர் மிகுந்துவிடும். ஈரக்காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்வது தேனின் இயல்பு. ஜூன் முதல் மேற்கிலிருந்து வீசும் சாரலிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவ மழையிலும் தேன் எடுப்போர் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

எடுக்கும் முறை

தேனீக்கள் பூந்தேனைக் கொண்டுவந்து, சிறகால் விசிறி நீரை வற்றச் செய்து, பக்குவமானவுடன் அறையை மெழுகால் மூடுகின்றன. மூடிய அறையே பக்குவத்துக்கு அவை இடும் முத்திரை. ஆகையால் ஒரு சட்டத்தில் நான்கில் மூன்று பாகமாவது மூடப்பட்ட பின்னரே அதனை எடுத்தல் வேண்டும். அவசரப்பட்டு மூடாத அடையைச் சுழற்றித் தேன் எடுப்பது, காய்ந்து முற்றாத நெல்லைக் களஞ்சியத்தில் கொட்டுவதை ஒக்கும்.

இந்தியத் தேனீயை வளர்ப்போர், திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த சிறிய பெட்டியை நன்கறிவர். அதில் புழு அறை கீழும் தேன் அறை மேலுமாக அமைந்துள்ளன. மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்து யந்திரத்தில் சுழற்றினால், புழுவும் மகரந்தமும் கலவாத தேன் கிடைக்கும், அடையும் அழியாது. புழு அறையில் கை வைக்கலாகாது.

பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் கட்டும் மலைத்தேனீயின் தேனில் நீர்ப் பங்கு பெரும்பாலும் மிகுந்தேயிருக்கும். அடையை முழுவதுமாகக் கையாற் பிழிந்தால், புழுச் சாறும் மகரந்தமும் கலந்து ஈஸ்டுக்கு உணவாகி, தேன் விரைவில் பொங்கும். தேன் நிறைந்த பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, கூரிய கத்தியால் மூடியைச் சீவி, சுத்தமான துணியின்மேல் தானாக வடியவிடுதல் உத்தமம். புழு உள்ள பாகத்தைக் கூட்டிலேயே விட்டுவிட்டால், அந்தக் கூட்டம் மறுபடி தழைக்கும்.

இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்து வருபவர் பளியர். 2006-ஆம் வருஷத்திய வன உரிமைச் சட்டம், தேனைச் சிறு வன மகசூல்களுள் ஒன்றாகக் கூறி, அதனைச் சேகரிக்கும் உரிமையை வனவாசிகளுக்கு அளித்திருக்கின்றது. அவர்களிடம் தேன் வாங்குவோர், ஈரத்தேன் என்று விலையைக் குறைப்பதோடு நில்லாமல், உலர்ந்த மூடியுள்ள பாத்திரங்களையும் வடிதுணியையும் முன்கூட்டியே கொடுத்து, நல்ல தேனுக்கு நல்ல விலை தருவாராயின், இரு திறத்தாருக்கும் ஆதாயமுண்டு.

வீட்டில் சோதித்தல்

நீரின் அளவைத் திட்டமாக அறிய ‘ரிஃப்ராக்டோமீட்டர்’ என்னும் கருவி வேண்டும். அஃது இல்லாதோர் பின்வருமாறு செய்யலாம். உலர்ந்த ஒரு கண்ணாடிப் புட்டியை நிறுத்துக்கொள்க. அதில் 1 கிலோ தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் ஒரு கோடு இடுக. தண்ணீரைக் கொட்டி நன்றாக உலர்த்தி, நுரையடங்கிய தேனை அதே கோடு வரை ஊற்றி நிறுத்துப் பார்க்க. புட்டியின் எடை நீங்கலாகத் தேன் 1 கிலோ 400 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டும். குறைந்தால் நீர் மிகுதியென்று கொள்க. இச்சோதனை நீரைத்தான் காட்டும். சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைக் காட்டாது.

தேன் உறைந்து மணல்போலாவது கலப்படத்தின் அடையாளமன்று. குளுக்கோஸ் படிகமாவதே அதன் காரணம். ஆனால் அடியில் படிகம் தங்கினால், மேலே நிற்கும் நீர்த்த பாகம் எளிதில் புளிக்கும். அத்தகைய பாத்திரத்தை வெந்நீரில் வைத்து மெதுவாக இளக்கிக் கலக்கிவிட வேண்டும்; நேராக அடுப்பில் வைக்கலாகாது.

பாதுகாத்தல்

நீர் மிகுந்த தேனை உடனே விற்கவோ உபயோகிக்கவோ இயலாதாயின், தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்துள் தேன் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கி, தேன் 63 டிகிரி சென்டிகிரேடு அடைந்தபின் அரைமணி நேரம் அந்நிலையில் நிறுத்தி, வடிகட்டி, விரைவில் ஆறவைக்க வேண்டும். இதனால் ஈஸ்ட் மாண்டுவிடும். அளவுக்கு மேற்பட்ட சூடு தேனின் மணத்தையும் குணத்தையும் கெடுக்குமாதலின், உஷ்ணமானி இன்றி இதனைச் செய்யலாகாது. இவ்வாறு செய்வதனால் நீர் குறைந்துவிடாது என்பதையும் அறிக. பாத்திரம் திறந்திருந்தால் ஈஸ்ட் மறுபடி சேரும்.

தேனுக்குக் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் பாத்திரங்களே தக்கவை. தேன் புளிப்புத்தன்மை உடையதாகையால், செம்பும் இரும்பும் ஆகா. பாத்திரத்தை இறுக மூடி, குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வைக்க வேண்டும். ஏற்கெனவே பொங்கத் தொடங்கிய தேனை இறுக மூடினால், வாயுவின் நெருக்கத்தால் புட்டி வெடிக்கக்கூடும். புளித்த தேனைத் தேனீக்களுக்கு உணவாக வைத்தால் அவற்றுக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். நல்ல தேனோடு கலந்து விற்றாலோ, நல்லதும் கெடும்.

அருந்தும் முறை

தேனைப் பானமாக அருந்த விரும்புவோருக்கு மது ஒன்றே வழியன்று. ஆறிய நீரில் தேனும் எலுமிச்சஞ்சாறும் சிறிது சுக்கும் ஏலமும் சேர்த்த பானகம், வேனிற்காலத்து உழைப்பாளிக்கு இனிய பானமாகும். அதனை அன்றன்றே கலந்து அன்றன்றே அருந்த வேண்டும்; நீர் சேர்ந்த தேன் நாள்பட்டால் புளிக்கும். தினைமாவும் தேனும் கலந்த உணவு இம்மலை நாட்டின் பழைய விருந்து. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேனை எவ்வகையிலும் கொடுக்கலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் சிசுக்களுக்கு உயிராபத்தை விளைவிக்கும்.

முடிவுரை

1991, 1992-ஆம் வருஷங்களில் பரவிய புழு நோயால் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களிற் பெரும்பாலானவை அழிந்தன. அதன் பின்னர் மெல்ல மெல்லத் தேறிய கூட்டங்களே இன்று நமக்குத் தேன் தருகின்றன. ஏலப்பூக்களில் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்கச் செய்வனவும் தேனீக்களே. மழை மாதங்களுக்கு வேண்டிய தேனை அவற்றுக்கே விட்டுவைத்து, பூ மலர்ந்திருக்கையில் பூச்சி மருந்து தெளியாதிருந்து, மூடிய அடையை உலர்ந்த நாளில் எடுத்து, உலர்ந்த பாத்திரத்தில் மூடிவைப்போமாயின், தேன் புளிக்கவும் இடமில்லை, நஷ்டத்துக்கும் இடமில்லை. இம்முறைகளை ஒவ்வொரு கிராமத்திலும் தேனீ வளர்ப்போர் கைக்கொள்வாராக.