பலனளிக்காத இணங்கவைப்பு முறைகள்

பலனளிக்காத இணங்கவைப்பு முறைகள் என்பவை, பிறர் முடிவை மாற்ற முயன்றும், அம்முடிவின் காரணத்தைத் தொடாததால் தோற்கும் அறிவுரை, பரப்புரை வழிகள் ஆகும். சேலம், நாமக்கல் பகுதியின் பெண் சிசுக்கொலைச் சிக்கல் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

1992இல் முதலமைச்சர் ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். நாமக்கல் அப்போது அம்மாவட்டத்தில் இருந்தது. 1997இல் தனி மாவட்டமானது. வளர்க்க இயலாத பெண் குழந்தையைப் பெயர் கூறாமல் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். குழந்தை பின்னர் தத்து கொடுக்கப்படும். ஆயினும் 2001 கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர்.

தோற்கும் முறைகள்

* பழித்தல்: தாயைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசுவது. முடிவில் கணவருக்கும் மாமியாருக்கும் பங்குண்டு. ஏச்சு அவர்களை எட்டுவதில்லை.
* காரணத்தைத் தவிர்த்தல்: பெண்ணைத் தெய்வம் என்று போற்றும் முழக்கம், வரதட்சணைக்கும் சீர்வரிசைக்கும் விடை தருவதில்லை.
* அச்சுறுத்தல் மட்டும்: தண்டனைக்கு அஞ்சுவோர் செயலை மறைக்கலாம்; அல்லது கருவிலேயே பாலினம் அறிந்து கலைக்க முற்படலாம். பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது.
* ஊருக்கு முத்திரை குத்துதல்: ‘இங்கு எல்லோரும் இப்படித்தான்’ என்பது, தவற்றை வழக்கமாகக் காட்டிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்மரத் துண்டுகள் திருடுபோவது பற்றி உளவியலாளர் ராபர்ட் சியால்டினி செய்த ஆய்வும் இதையே காட்டியது: பலர் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பு திருட்டைக் கூட்டியது.

தொட்டில் திட்டம் குறித்த விமர்சனம்

திட்டம் பல உயிர்களைக் காத்தது. எனினும், பெண் குழந்தை சுமை என்ற எண்ணத்தை அரசே ஏற்பதாக அது பொருள்படும் என விமர்சிக்கப்பட்டது.

மாற்று வழி

1990களின் இறுதியில் அண்டை மாவட்டமான தர்மபுரியில், இச்சிக்கல் குறித்துக் கலைக்குழுக்கள் ஊர் ஊராக நாடகம் நடத்தின. தாயைத் தனியே குற்றம் சாட்டாமல், ஊரும் குடும்பமும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும்படி பேசியது இதன் சிறப்பு. 2011இல் சேலத்தின் விகிதம் 916 ஆக உயர்ந்தது. இவ்வுயர்வை ஒரே முயற்சியின் பயனாகக் கொள்ள இயலாது.