விரல் மூட்டில் ஒரு மில்லிமீட்டர்

கைக்கடிகாரத்தில் முள் பொருத்தும்போது பாரம் முழுவதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும்தான். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், இந்த நுணுக்க வேலையை ஓசூருக்குக் கொண்டுவந்தது. இன்று கைக்கடிகாரம், செல்பேசி, வாகன பாகங்கள் என்று ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் விரல் நுனியில் நடக்கும் வேலைகள் ஏராளம்.

செய்யும் வேலை விரல் மூட்டில் தடம் பதிக்குமா? அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கம்பளித் துணி ஆலையின் பெண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 1978-ல் வெளியானது. நூல் நூற்றவர்களுக்கும் துணியில் முடிச்சு, பிசிறு எடுத்தவர்களுக்கும் விரல் நுனி மூட்டுகளில் தேய்மானம் அதிகமாக இருந்தது. அதே ஆலையில் நூல் சுற்றியவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. வேலை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வயதுக்கும் பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு.

அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது எக்ஸ்ரே. ஆனால் மூட்டில் தேயும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து, தேய்மானத்தை மருத்துவர் கணிக்கிறார்.

எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பையே நேரடியாகக் காட்டும். குருத்தெலும்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப்புலத்தில் ரேடியோ அலைக்குப் பதில் கொடுக்கின்றன. அந்தப் பதில்தான் படமாகிறது. பதில் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதை அளந்தால், குருத்தெலும்பு மெலிவதற்கு முன்பே அதன் நார்ப் பின்னலும் நீர்ச்சத்தும் மாறுவதைக் கண்டுகொள்ளலாம். 'டி2 மேப்பிங்' என்பது இதுதான்.

உயிருள்ள மனித உடலில் எம்.ஆர்.ஐ.யில் முதலில் படமானதே ஒரு விரல்தான். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் அவருடைய மாணவர் ஆண்ட்ரூ மாட்ஸ்லியும் 1977-ல் அந்தக் குறுக்குவெட்டுப் படத்தை வெளியிட்டார்கள். விரல் மாட்ஸ்லியுடையது. மான்ஸ்ஃபீல்டுக்கு 2003-ல் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசு கிடைத்தது.

இருந்தும், விரல் குருத்தெலும்பு இன்றும் எம்.ஆர்.ஐ.க்குச் சவால்தான். முழங்காலில் அது சில மில்லிமீட்டர் தடிமன்; விரல் மூட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வழக்கமான ஸ்கேனில் ஒரு புள்ளியே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் என்பதால், எதிரெதிரே இருக்கும் இரண்டு பரப்புகளும் ஒன்றாகக் கலந்து தெரியும். பிரித்துக் காட்ட 3 டெஸ்லா காந்தமும், கையை ஒட்டிப் பொருந்தும் சிறிய கம்பிச்சுருளும், விரல் அசையாத பொறுமையும் வேண்டும். பல இடங்களில் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி வைத்திருக்கச் சொல்வார்கள்.

அதனால் விரல் குருத்தெலும்பை அளப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூட வேலையாகவே இருக்கிறது. மருத்துவமனையில் விரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. முடக்குவாதத்தின் தொடக்கத்தில் மூட்டுச் சவ்வின் வீக்கத்தையும் எலும்பு மஜ்ஜையின் நீர்க்கோர்வையையும் அது காட்டிக்கொடுக்கும். அதற்கும் முன்னால் கைப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

லேத்திலும் கிரைண்டிங்கிலும் வேலை செய்பவர்கள் எந்த உறுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்: கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருக்கிறதா? கண்ணுக்குள் துகள் தங்கியிருந்த ஒரு தகடு வேலைத் தொழிலாளி, ஸ்கேனுக்குப் பிறகு ஒரு கண்ணில் பார்வையிழந்ததை 1986-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காந்தத்துக்குள் அனுப்புவார்கள்.