பனியன் துணியில் ஒரு விளையாட்டு அறை

எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன் துணியைத் திருப்பூரில் கிலோ கணக்கில் வாங்கலாம். அதை வைத்தே கூடத்தில் குழந்தைக்கு ஒரு விளையாட்டு அறை கட்டிவிடலாம்.

நெய்த துணியில் பாவும் ஊடையும் நேராக ஓடுவதால் இழுத்தால் அதிகம் நெகிழாது. பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகிறது. 30 இன்ச் விட்டமும் 24 கேஜும் (இன்ச்சுக்கு 24 ஊசி) உள்ள மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் வட்டமாக நின்று பின்ன, துணி குழாயாகவே கீழே இறங்கும். இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளையம்தான் வடிவம் மாறுகிறது. அதனால் அகலவாட்டில் நன்றாக விரியும். லைக்ரா கலந்திருந்தால் விட்டவுடன் பழையபடி சுருங்கிக்கொள்ளும். வெட்டாத குழாய்த் துணி கிடைத்தால் தையலே வேண்டாம்; உள்ளே இரண்டு வளையம் மாட்டினால் தவழ்ந்து போகச் சுரங்கம் தயார்.

கூரைக்கு ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோவிடம் போக வேண்டும். சோப்புப் படலங்களை வைத்து வடிவம் தேடியவர். மியூனிக்கில் 1972 ஒலிம்பிக் அரங்கின் கூரையில் அவர் பங்கு பெரிது. நான்கு மூலையையும் ஒரே உயரத்தில் கட்டினால் துணி தொய்ந்துபோகும். எதிரெதிர் மூலைகள் இரண்டை ஏற்றி, மற்ற இரண்டை இறக்கிக் கட்டினால் சேணம் போல வளைந்து, தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கூரையோடு நிற்காமல் ஏறி ஆடவும் விட்டவர் ஜப்பானியக் கலைஞர் தோஷிகோ ஹொரியூச்சி மெக்காடம். காட்சிக்குத் தொங்கவிட்ட அவருடைய படைப்பில் இரண்டு குழந்தைகள் ஏறிக் குதித்தார்கள். கலைஞருக்குக் கோபம் வந்திருக்கலாம். அவரோ அதற்குப் பிறகு குழந்தைகளுக்காகவே வலை பின்ன ஆரம்பித்தார். ஜப்பானின் ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 2009இல் தெசூகா கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய மரக் கூடாரத்துக்குள் அவருடைய வண்ண வலை தொங்குகிறது.

வீட்டில் ஊஞ்சலாகக் கட்டுவோர் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான். விறைப்பாகக் கட்டினால் பலம் என்று நினைக்கிறோம், நிஜம் நேர்மாறு. 20 கிலோ குழந்தை நடுவில் உட்கார, துணி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்தால் ஒவ்வொரு கொக்கிக்கும் 20 கிலோ இழுப்பு. விறைப்பாகக் கட்டி 10 பாகைதான் சரிந்தால் அதே குழந்தைக்கு ஏறக்குறைய 58 கிலோ! குதித்தால் இன்னும் ஏறும். நன்றாகத் தாழ்ந்து தொங்கும் தூளியில் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவோடு முடிந்துவிடும்.

கட்டிய நாடாவின் முனை எதுவும் கழுத்தில் சுற்றும்படி தொங்கக் கூடாது. ஓரத்தை மடித்துத் தைக்கவும். ஒரு வளையம் அறுந்தால் சிங்கிள் ஜெர்சி எனும் பனியன் பின்னல் கிடுகிடுவென்று பிரிந்து ஓடும். முதலில் அப்பா ஏறி உட்காரட்டும், கொக்கியின் யோக்கியதை தெரிந்துவிடும்.